ஊஞ்சலிலும் சீசாப் பலகையிலும் பாடம்: கேள்வி பதில்

கே: நான்காம் வகுப்பு ஆசிரியை நான். ஊஞ்சலை வைத்து எதைச் சொல்லித் தரலாம்?

ப: அலைவு நேரம், அதாவது ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஆகும் நேரம். "கனமான பிள்ளை உட்கார்ந்தால் ஊஞ்சல் சீக்கிரம் போய்வருமா, மெதுவாகவா?" என்று முதலில் கேளுங்கள். ஊகத்தைக் குறித்துக்கொண்ட பிறகே அளக்க வேண்டும். ஊஞ்சலை அரை மீட்டர் பின்னால் இழுத்து விட்டுவிடுங்கள், தள்ளக் கூடாது. காலை ஆட்டாமல் பிள்ளை சும்மா உட்காரட்டும். 10 முறை போய்வரும் நேரத்தை 10ஆல் வகுக்கவும். சங்கிலி 2 மீட்டர் என்றால் பத்து ஆட்டத்துக்கு 27, 28 விநாடி ஆகும். கனமான பிள்ளை ஏறினாலும் பெரிதாக மாறாது. நேரத்தைத் தீர்மானிப்பது நீளம்தான்.

கே: அதே நீள ஊஞ்சலில் எங்களுக்கு 25 விநாடிதான் வந்தது. எங்கே தப்பு?

ப: விட்ட கையோடு "ஒன்று" என்று எண்ணியிருப்பார்கள். அப்போது நடந்தது ஒன்பது ஆட்டம்தான். விடும்போது "பூஜ்ஜியம்", திரும்பி வந்ததும் "ஒன்று". பிள்ளை நின்றுகொண்டு ஆடினாலும் நேரம் குறையும்: உடலின் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) மேலேறுவதால் ஊஞ்சல் குட்டையானது போலாகிவிடும். இந்தத் தப்பை அழிக்காதீர்கள். காரணத்தைப் பிள்ளைகளே தேடட்டும், அருமையான பாடம் அது.

கே: என் பிள்ளைகள் இருவருக்கும் எடை வித்தியாசம் அதிகம். சீசாவில் சின்னவள் மேலேயே தொங்குகிறாள்.

ப: பெரியவனைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகரச் சொல்லுங்கள். பலகை மட்டமாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இருவரும் நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று அளக்கவும். 20 கிலோ பிள்ளை 1.5 மீட்டரில் இருந்தால், 30 கிலோ பிள்ளை 1 மீட்டரில் சமனாகும். எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் 30. பலகையின் சொந்த எடை இருபுறமும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். சூத்திரத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

கே: மொழிப் பாடத்துக்கு மைதானத்தில் என்ன இருக்கிறது?

ப: விதி எழுதுவது. ஓடிப்பிடிக்கும் விளையாட்டின் விதிகளை ஒரு குழு ஆறு வாக்கியத்தில் எழுதட்டும். இன்னொரு குழு எழுதியபடி மட்டுமே ஆட வேண்டும். "தொட்டால் அவுட்" என்று எழுதியிருப்பார்கள். சட்டை நுனியைத் தொட்டால்? இரண்டாவது நிமிடமே சண்டை வரும். ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள். எழுத்தில் தெளிவு எதற்கு என்பது அந்த இடத்தில் புரிவதுபோல் வகுப்பறையில் புரியாது.

கே: கம்பத்தின் உயரத்தை நிழலை வைத்து அளக்க முடியுமா?

ப: முடியும். 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் 80 செ.மீ., கம்பத்தின் நிழல் 4 மீட்டர் என்றால் உயரம் 5 மீட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில், சமதரையில் அளக்க வேண்டும்.

கே: எல்லாவற்றையும் பாடமாக்கினால் விளையாட்டே கசந்துவிடாதா?

ப: கசக்கும். அதனால் இடைவேளையில் கை வைக்காதீர்கள். பாடவேளையிலிருந்து 20 நிமிடம் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே கேள்வி போதும்.