ஆச்சி சொன்ன நொண்டி

அன்புள்ள அண்ணாச்சி,

நீங்கள் முன்பு வைத்திருந்த, இரண்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் நிற்கும் வி-ட்வின் பைக்கைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன். என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக். அதிலும் வி-ட்வின் சத்தமே வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் வண்டியில் தனியாக என்ன இருந்தது? விற்றதற்கு வருத்தம் உண்டா?

எம்., கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

என் வண்டி ஹியோசங் ஜிடி 650 ஆர். 647 சிசி, சிவப்பு. 2014-ல் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் முதல் நாள் நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கினேன். திண்ணையில் இருந்த ஆச்சி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "என்னலே, ஒன் வண்டி ஒரு காலு நொண்டுது?" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவும் சரி. சிலிண்டர்கள் 90 டிகிரி கோணத்தில் நிற்கும் வி-ட்வினில் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடித்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 270 டிகிரி சுற்றியதும் அடுத்ததில் வெடிக்கும். பிறகு 450 டிகிரி சும்மா கிடக்கும். ஒரு எட்டு குட்டை, ஒரு எட்டு நெட்டை. உங்கள் வண்டியின் கிராங்க்கையும் 270 டிகிரியில்தான் அமைத்திருக்கிறார்கள், அதனால் அதே நடை, அதே சத்தம். உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

வித்தியாசம் காதில் இல்லை, தொடையில் இருக்கிறது. உங்கள் வண்டியில் சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. என்னுடையதில் முன்னும் பின்னும். அதனால் இன்ஜின் ஒடுக்கம், முழங்கால் இரண்டும் டேங்கை நன்றாகக் கவ்வும். இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி கோணத்தில் நிற்கின்றன. அதனால் பெரிய அதிர்வைக் கிராங்க்கின் எடையே வாங்கிக்கொள்ளும். உங்களுடையது போன்ற அமைப்பில் அதற்கென்று தனியாக ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுற்ற வேண்டும். ஆனால் பின் சிலிண்டருக்குக் காற்று குறைவு. மே மாதம் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் வலது, இடது பாராமல் தொடை வேகும். அந்தச் சூட்டையும் நான் விரும்பினேன்.

அந்த ஒடுக்கத்தின் அருமை ஆடி மாதம்தான் தெரியும். நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி என்று தெற்கே போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலப்பக்கம் வந்து அறையும். முழு ஃபேரிங், அதாவது பக்கங்களை மூடும் உறை, போட்ட வண்டி, பாய் விரித்த தோணி மாதிரி. காற்றுக்கு ஈடாக வலப்பக்கம் சாய்ந்தபடி போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு லாரி வலது பக்கம் ஏறி வந்தது. காற்று சட்டென நின்றது. சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கியே போனது. லாரி கடந்ததும் அதே காற்று இடப்பக்கம் தூக்கி அடித்தது. கை பதறி ஹேண்டில்பாரை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும் என்று அன்றுதான் கற்றேன். முழங்காலால் டேங்கைப் பிடித்து, முழங்கையைத் தளர விட்டேன். வண்டி தானாகக் கோட்டுக்கு வந்தது. காவல்கிணறில் டீக்கடையில் இறங்கி அதன் டேங்கைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் வந்ததெல்லாம் வேறு சுகம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், ஒரு பக்கம் வயல், கொஞ்ச தூரம் கன்னடியன் கால்வாய். பஸ்ஸுக்குப் பின்னால் நாலாவது கியரில் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் கியரைக் குறைக்காமலே முறுக்கினால் கீழிருந்தே இழுக்கும். வேகத்தை விட எனக்கு நினைவிருப்பது இந்த இழுவைதான்.

2019-ல் விற்றேன். வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. வாங்கியவர் தெருமுனை திரும்பும்வரை நானும் ஆச்சியும் வாசலில் நின்றோம். சத்தம் முருகன்குறிச்சிப் பக்கம் தேய்ந்து போனது. "நொண்டிக்குப் பொறத்தால போயி நல்லா பாத்துக்கிடச் சொல்லுலே" என்றாள்.

வருத்தம் உண்டு தம்பி. நிறைய உண்டு.

அன்புடன்,
அண்ணாச்சி