ஆபரேஷன் முடிந்த மறுநாளே அப்பத்தாவை நடக்க வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் காரைக்குடி பக்கம் கண்டனூர். என் அப்பத்தாவுக்கு 76 வயது. மழை ஈரத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தினார்கள். அவர் வலியில் அழுததை எங்களால் பார்க்க முடியவில்லை. போதாததற்கு மாணவர்கள் கூட்டமாக வந்து அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கி வந்துவிட்டோம். "எலும்பு கூடுறதுக்கு முன்னாடி நடந்தா விலகிடும், மூணு மாசம் படுத்தே இருக்கட்டும்" என்று சொந்தபந்தங்கள் சொன்னதால் பத்து நாளாகப் படுக்கையில்தான் இருக்கிறார். அத்தை புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அப்பா, தனியாருக்கு மாற்றச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அப்பத்தா இன்னும் ஒரு நாள்கூடப் படுத்துக் கிடக்கக் கூடாது. அதே நேரம், பத்து நாள் கிடந்தவரை நீங்களாகவே கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடவும் வேண்டாம். கெண்டைக்கால் இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, தொட்டால் வலிக்கிறது என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது, திடீரென இடுப்பில் கடும் வலி வந்து கால் குட்டையாகித் திரும்பிக் கிடக்கிறது என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தையல் பிரிக்கும் நாள் எப்படியும் வந்துவிட்டது.

எலும்பு விலகிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது சில முறிவுகளுக்குப் பொருந்தும், அப்பத்தாவுக்குப் பொருந்தாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், அதன் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் பெரும்பாலும் அறுந்துவிடும். அந்த வயதில் முறிந்த எலும்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. அதனால்தான் உடைந்த தலையை எடுத்துவிட்டு, உலோகப் பந்து வைத்த தண்டை எலும்புக்குள் பொருத்துகிறார்கள். ஆக, அந்த இடத்தில் இனி கூட வேண்டிய எலும்பு என்று ஒன்றில்லை. முழு எடையையும் தாங்கத்தான் அந்தப் பந்தே. மறுநாளே நிற்க வைத்தவர்கள் சரியான சிகிச்சையைத்தான் செய்தார்கள்.

பந்து நழுவும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது நடப்பதால் வருவதில்லை, தப்பான நிலையில் உட்காருவதாலும் குனிவதாலும் வருவது. சம்மணம் போட்டு உட்காருவது, பாயில் படுத்து எழுவது, இந்தியன் கழிப்பறையில் குந்துவது, கால்மேல் கால் போடுவது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பது எல்லாம் மூன்று மாதத்துக்கு ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், அதற்குக் கனமான மெத்தை ஒன்றைப் போடுங்கள். படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை.

படுத்தே கிடப்பதன் விலை அதிகம். நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. அப்பத்தாவோ அடிபட்டு, ரத்தம் இழந்து, ஆபரேஷனும் ஆனவர். இடுப்பு முறிந்த பெரியவர்களில் பலர் முறிவால் சாவதில்லை. நெஞ்சுச்சளி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, ரத்த உறைவு என்று படுக்கைதான் அவர்களைக் கொண்டுபோகிறது. இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இது தடுக்கக் கூடியது என்பதுதான்.

புத்தூர் கட்டு இந்தக் காலுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் போட்டுத் தேய்த்தால் தையல் வழியே கிருமி உள்ளே போகும். உலோக மூட்டில் சீழ் பிடித்தால் மறுபடி திறந்து கழுவ வேண்டிவரும். காலைத் திருகி இழுத்தால் பந்து நழுவும். அத்தையின் அக்கறை எனக்குப் புரிகிறது. டிஸ்சார்ஜ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து அவரிடம் காட்டுங்கள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வார்.

தனியாருக்கு மாற்றுவதற்கு எந்த அவசியமும் இல்லை. மருத்துவக் கல்லூரி என்றால் மாணவர் கூட்டம் இருக்கும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பது சலிப்பாகத்தான் இருக்கும், அலுப்பாக இருக்கிறது என்று தன்மையாகச் சொல்லி மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் விழித்திருப்பவரும் அந்தப் பட்டமேற்படிப்பு மாணவர்தான். முன்பெல்லாம் செட்டிநாட்டுக்காரர்கள் எலும்பு முறிந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். 2012-ல் சிவகங்கையிலும் 2017-ல் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தபின் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலே எந்த யூனிட் என்று எழுதியிருக்கும். அந்த யூனிட்டின் ஓபி நாளைத் தெரிந்துகொண்டு இனி வரும் பரிசோதனைகளுக்கு அந்த நாளிலேயே போங்கள், ஆபரேஷன் செய்தவர்களே பார்ப்பார்கள். நாளைக்கு அவர்களுடைய நாள் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும், எலும்பு ஓபியில் விவரத்தைச் சொல்லுங்கள். வரும்போது பிசியோதெரபிக்கும் சீட்டு எழுதி வாங்குங்கள். இதைப் பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள், எனக்கு எப்போதும் உள்ள ஆதங்கம் அது. ஆபரேஷன் ஒரு மணி நேரத்துச் சங்கதி. பழையபடி கழிப்பறைக்குத் தானே எழுந்து போக வைப்பது மாதக்கணக்கான வேலை, அதற்கென்று ஒரு மருத்துவத் துறையே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-ல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தெடுத்தார். இன்று நம் அரசுக்கே சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனி நிலையம் உண்டு. அப்பத்தாவுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. போய்வர முடியாத நாட்களில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

மருத்துவர் பார்த்துச் சரி என்றபின், வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். முதலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்காரட்டும், தலைசுற்றல் இல்லையென்றால் எழட்டும். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், பக்கத்தில் கட்டாயம் ஒருவர்.

உங்கள் வீடும் வளவு வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஈரம் பட்டால் கண்ணாடிதான். ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி வேறு. கழிப்பறை அநேகமாகக் கொல்லையில் இருக்கும். அப்பத்தாவின் கட்டிலை, குறைந்த படிகள் உள்ள அறைக்கு மாற்றி, பக்கத்திலேயே கமோடு நாற்காலி வையுங்கள். ராத்திரி விளக்கு எரியட்டும். மழை நாளில் முற்றம் பக்கமே போக விடாதீர்கள். வாக்கர் காலில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். புண்ணுக்குப் பத்தியம் என்று வெறும் கஞ்சி கொடுக்க வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, கேப்பைக் கூழ் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் அப்பத்தாவின் எலும்பு மெலிந்திருக்கிறது. அடுத்த இடுப்பும் அப்படித்தான் இருக்கும். கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதாது. சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு, வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஒரு ஊசியோ கொடுப்பார்கள். மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது இல்லையென்றால் ஓபியில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.