இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல

அன்புள்ள ஐயா,

நான் கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன ஜூனில் மாணவர் பரிமாற்றப் பயணமாக இலங்கை வந்தோம். அதில் ஒரு நாள் மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேவை. இரண்டு வகுப்பறைகளுக்குப் பெயின்ட் அடித்தோம். சாயங்காலம் நாங்கள் ஒயிலாட்டம் ஆடினோம், பிள்ளைகள் தப்பு மேளம் அடித்தார்கள்.

மத்தியானம் எங்களில் நாலு பேருக்கு ஓர் அம்மா தன் லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) ரொட்டியும் மிளகாய்க் கட்டச்சம்பலும் கொடுத்தார். "வேலைக்குப் போகலையாம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல" என்று சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் திரும்பி 'பெயரற்ற தாய்' என்று ஒரு பதிவு எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியர் சுவரைப் படம் பிடித்து அனுப்பினார். பெயின்ட் பொக்குப் பொக்காக உரிந்து கிடக்கிறது. எங்கள் உழைப்பு வீணா ஐயா?

பி.கு.: பெயின்ட் அடிக்கும்போது ஒரு தாத்தா வந்து "கான் வெட்டியாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தோம்.

*

அன்புள்ள மகளுக்கு,

பி.கு.விலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் விஷயம் தெரிந்த ஆள் அந்தத் தாத்தாதான்.

கான் என்றால் தண்ணீர் ஓடும் வாய்க்கால். தேயிலை மலையில் மண் அரித்துப் போகாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவார்கள். அது ஆண்களின் வேலை. நீங்கள் பார்த்த தாத்தா வாழ்நாளில் எத்தனை மைல் வெட்டினாரோ! எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மலையை வெட்டி எடுத்த தட்டில் நிற்பவை. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகும் இடம்தான் இருக்கும். அங்கே கான் தூர்ந்துவிட்டால் மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்கும், சுவர் அதைக் குடிக்கும். ஹட்டன் பக்கம் ஜூனில் தென்மேல் மழை. ஈரச்சுவரில் பெயின்ட் எப்படி நிற்கும்? எந்தக் கம்பெனிப் பெயின்டாக இருந்தாலும் உரியத்தான் செய்யும். தாத்தா அதைத்தான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார்.

சரி, அடுத்தது அந்த அம்மா. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே பதிந்தால் அன்றைக்குப் பேர் விழும். தோட்டம் கேட்கிற கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். கேட்கிற கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று நிறுவையில் கழிப்பார்கள், அதில் பேரே கைநழுவும். நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்க வருடக்கணக்கில் போராடி 2021இல் அது கிடைத்தது. கிடைத்த கையோடு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். சிறுவயதில் எங்கள் லயத்துக் காம்பராவில் (அறையில்) மறைப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் பேசுவது கேட்கும்: "இந்த மாசம் எனக்குப் பதினெட்டுப் பேரு, ஒங்களுக்கு?" அதை வைத்துத்தான் எனக்குக் கொப்பி (நோட்டு) வாங்குவதா வேண்டாமா என்று முடிவாகும்.

ஆக அந்த அம்மா சொன்னது, உங்கள் நாலு பேருக்கு ரொட்டி சுடுவதற்காக அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, சம்பளம் இல்லை என்பதுதான். அதையும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நீங்கள் அவருக்குச் சேவை செய்ய வந்தீர்கள், அவர் ஒரு பேரைக் கொடுத்து உங்களுக்குச் சோறு போட்டார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். உங்கள் கடிதத்தில்தான் அது இல்லை. கேட்கவே இல்லை போலிருக்கிறது.

திட்டுவதாக நினைக்க வேண்டாம். சிங்களமோ பிரெஞ்சோ பேசும் ஊருக்குப் போயிருந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்டிருப்பீர்கள். இங்கேயும் தமிழ்தானே என்று இருந்துவிட்டீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சில ஆசிரியர்களே எங்கள் பேச்சில் தடுமாறியதுண்டு.

இன்னொன்று. பேர் என்றால் என்னவென்று கேட்க நீங்கள் கடல் தாண்டியிருக்க வேண்டியதில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியினரான எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கோத்தகிரி, இன்னும் கொஞ்சம் போனால் கூடலூர். என் சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். எங்கள் ஆட்களைப் போலச் சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும் கிழவர் யாரையாவது கண்டால் பேச்சுக் கொடுங்கள்.

உழைப்பு வீணா என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட் வீண்தான். ஆனால் அந்த ஆசிரியர் படம் அனுப்பியிருக்கிறார் பாருங்கள், உங்களை இன்னும் ஆளாக மதிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவரைக் கூப்பிட்டு அம்மாவின் பெயரைக் கேளுங்கள், அந்தப் பதிவைத் திருத்துங்கள். அப்புறம் சுவர். பெப்ரவரியில் இங்கே மழை குறைவு. இரண்டு மண்வெட்டி, ஒரு அலவாங்கு (கடப்பாரை), தாத்தா. அவருக்கு ஒரு நாள் பேர் போட்டுவிடுங்கள்.