உளியால் துளை போடும்போது ஏன் கோணலாகிறது, விளிம்பு ஏன் பிய்கிறது?

ஒன்றரை அங்குல வேப்பஞ்சட்டத்தில் ஜன்னல் மூட்டுக்கான துளை (இன்னொரு சட்டத்தின் நாக்கு நுழையும் குழி) போட்டால் உளி சாய்கிறது, ஓரம் சிதைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அகலம். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது உங்கள் சட்டத்துக்கு நாலு நூல் (அரை அங்குலம்). அதே அகலமுள்ள உளியையே எடுங்கள். சின்ன உளியால் இரண்டு வரிசையாகக் கொத்தினால் துளையின் சுவர் நேராக வருவது கஷ்டம்.

ஓரம் பிய்வதற்குக் காரணம், எடுத்த எடுப்பில் துளையின் முனையைக் குறித்த கோட்டின் மேலேயே உளியை வைப்பதுதான். துளையின் நடுவில் தொடங்குங்கள். இரு பக்கமிருந்தும் கொத்தி ஒரு பள்ளம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இரு முனைக்கும் நகருங்கள். உளியின் தட்டை முகம் முனையைப் பார்க்க வேண்டும், சரிவு முகம் பள்ளத்தை. கோட்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். சில்லை நெம்பும்போது உளி அந்த மிச்ச மரத்தில்தான் அழுந்தும். கோட்டின் மேல் உளியை நிறுத்திச் செதுக்குவது கடைசி வேலை.

அப்புறம் நிற்கிற இடம். திருமங்கலம் பட்டறையில் நான் பழகிய புதிதில் மரத்துக்குப் பக்கவாட்டில் நின்று அடித்து, துளையெல்லாம் சாய்ந்தே போனது. சட்டத்தின் தலைமாட்டில் நின்று நீளவாக்கில் பாருங்கள், இடம் வலம் சாய்வது உடனே தெரியும்.

வேம்பில் நார் பின்னி ஓடும். அதனால் ஊடுதுளையை (மறுபக்கம் வரை போகும் துளையை) ஒரே பக்கமாகக் குடையாதீர்கள். இரு முகத்திலும் கோடு கீறி, பாதி ஆழத்தில் திருப்பிப் போட்டு அடியுங்கள். உளியின் கைப்பிடி மரம் என்றால் கொட்டாப்புளிதான் (மரச் சுத்தியல்), இரும்புச் சுத்தியல் வேண்டாம்.