இன்னொரு முறை எழாத விமானம்

அம்மா, வணக்கமுங்க.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய போர் விமானங்களுக்கு அளவு மாதிரி செய்வது என் பொழுதுபோக்கு. 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவில், கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் ‘நைன் ஓ நைன்’ என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தைப் புதுப்பித்து, பயணிகளை ஏற்றிப் பறக்கவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த 13 பேரில் 7 பேர் இறந்துவிட்டார்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து விசாரணை அறிக்கையைப் படிக்கிறேன். நாலாம் எஞ்சினில், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கருவியான மேக்னெட்டோ இரண்டில், இடது மேக்னெட்டோவில் ஒயர் கழன்று பாடியில் எர்த் ஆகியிருந்தது. வலது மேக்னெட்டோவில் பாயிண்ட் இடைவெளி இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஒன்பதில் நாலு சிலிண்டருக்கு ஒழுங்கான பொறி போகவில்லை. மூணாம் எஞ்சினில் ஒரு பிளக்கில்கூட இடைவெளி சரியில்லை. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே! ‘இது என் பெஞ்சுக்கு வந்திருந்தால்’ என்ற நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது. பராமரிப்புக்குப் பொறுப்பானவரே அன்று விமானத்தை ஓட்டியவர், அவரும் போய்விட்டார். செத்தவர் மேல் கோபப்படுகிறேனே என்று கூசுகிறது. போன ஏழு உயிரைவிட விமானத்துக்குத்தான் அதிகம் அழுகிறேனோ என்றும் பயம். “அங்க யாருங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க?” என்கிறார் வீட்டில்.

— கணபதி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிற ஊர் நம்முடையது. இங்கே எந்திரத்துக்கு அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அழுகை ஏழு பேருக்குரிய பங்கைத் தின்றுவிடுவதும் இல்லை.

உங்கள் துக்கம் ஏன் ஆறவில்லை என்பதற்கு அந்த விமானத்தின் கதையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எரிந்தது போரில் பறந்த ‘நைன் ஓ நைன்’ அல்ல. அந்த மூல விமானம் ஒரு வீரரையும் இழக்காமல் 140 முறை போருக்குப் போய்த் திரும்பியது. போர் முடிந்ததும் உடைத்துப் போட்டுவிட்டார்கள். அதன் பெயரைச் சுமந்தது வேறொரு பி-17. அது 1952-ல் நெவாடா அணுகுண்டுச் சோதனைகளுக்கு இடையே நிறுத்தப்பட்டும் தப்பியது, பழைய இரும்பாக விலைபோயும் மீண்டது, காட்டுத்தீ அணைக்கப் பறந்தது. 1987-ல் பென்சில்வேனியாவில் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நொறுங்கியபோதும் சரிசெய்துவிட்டார்கள். இத்தனை முறை எழுந்த ஒன்று இன்னொரு முறையும் எழும் என்று உங்கள் மனம் இன்னும் காத்திருக்கிறது. ராத்திரி அறிக்கையைப் பிரிப்பது, பழுதைக் கண்டுபிடித்தால் வண்டி கிளம்பிவிடும் என்ற பட்டறைப் பழக்கத்தால்தான்.

ஆனால் அதே அறிக்கையை முழுதாகப் பாருங்கள். நாலாம் எஞ்சினை நிறுத்திய பிறகு வேகத்தைக் காக்கத் தவறியதும், சக்கரங்களை முன்னதாகவே இறக்கியதும் அதில் இருக்கின்றன. இயக்கிய அமைப்பின் பாதுகாப்பு ஏற்பாட்டிலும், அரசின் கண்காணிப்பிலும் இருந்த குறைகளும் இருக்கின்றன. நீங்கள் மட்டும் மேக்னெட்டோவிலேயே நின்றுவிடுகிறீர்கள். உங்கள் கை எட்டுகிற இடம் அதுதான். முடிவு தெரிந்த பிறகு பழுது பளிச்சென்று தெரியும். ‘நான் பார்த்திருந்தால்’ என்ற குற்ற உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது.

விமானியின் மேல் வரும் கோபத்தை அடக்க வேண்டாம். நம் ஒப்பாரியில் செத்தவரைத் திட்டுவதும் உண்டுதானே? பி-17-ல் மட்டும் 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். அவர் மேல் மரியாதையும் கோபமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தவர்களை வெலிங்டனிலிருந்து சூலூருக்குக் கொண்டுவந்தபோது, வழியெல்லாம் நின்று ஆம்புலன்ஸ்கள் மேல் பூத் தூவினார்களே, அவர்களுக்கு யாரைத் தெரியும்? அவர்களுக்கு ஒரு சாலையாவது கிடைத்தது. உங்களுக்குத் துக்கம் விசாரிக்க வருபவர் இல்லை, கருமாதி என்று ஒரு நாளும் இல்லை. அதனால்தான் முடிவில்லாமல் நீள்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. விபத்துக் காணொளியையும் எரிந்த படங்களையும் போனிலிருந்து அழித்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தால் காட்சிதான் ஆழமாகப் பதியும். அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறையில் வையுங்கள். பகலில், மேசையில் உட்கார்ந்து, 20 நிமிடம், மூன்றே நாள். நான்காம் நாள் உறையில் போட்டு மூடிவிடுங்கள். படுக்கைக்கு அது வரக்கூடாது.

ராத்திரி விழிப்பு வந்து 20 நிமிடத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கலான விளக்கில் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரிப்பது, மாதிரியின் விளிம்பை அரத்தால் தேய்ப்பது என்று கண்ணுக்கும் கைக்கும் சேர்ந்து வேலை கொடுங்கள். மனக்காட்சி அந்த நேரத்தில் வலுவிழக்கும். கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஞாயிறன்று ஒன்பது மணிவரை தூங்கி, திங்கள் இரவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஏழு பேரைப் பற்றி வந்த செய்திகளைத் தேடி, அவர்கள் வாழ்ந்த விதத்தை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். பிழைத்தவர்களையும் சேருங்கள். தீ தாங்கும் கையுறையைக் கையோடு கொண்டுபோயிருந்த ஒரு பயணி, அதை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார், அதையும் எழுதுங்கள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி. பட்டறை விடுமுறை என்பதால் நாள் முழுக்கப் போனோடு உட்கார நேரும். அன்று காலையில் விளக்கேற்றி, அந்தப் பக்கத்தை வீட்டில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மதியத்துக்கு மேல் வெளியே போகிற வேலை ஒன்றை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

பசியும் வேலையில் நாட்டமும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மூன்று வாரம் கழித்து எழுதுங்கள், எத்தனை இரவு எழுந்தீர்கள் என்ற கணக்கோடு.