கடற்கரை மணலுக்கும் மலைப்பாதைக்கும் ஒரே சைக்கிள்: எதை வாங்குவது?

கேள்வி: உச்சிப்புளி அருகே வசிக்கிறேன். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 74 கிலோ. மாலை வேளைகளில் கடற்கரையிலும் பனங்காட்டுத் தடங்களிலும் ஓட்டவும், ஆண்டுக்கு ஓரிரு முறை சிறுமலை, கொடைக்கானல் பக்கம் கல்லும் வேருமான பாதைகளில் இறங்கவும் ஒரு மவுண்டன் பைக் வேண்டும். 40,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஒன்று இந்த விலைக்குள் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பின்பக்கச் சஸ்பென்ஷனை உருப்படியாகச் செய்த வண்டிகள் உங்கள் தொகையைப் போல் பல மடங்கு விலையில்தான் தொடங்குகின்றன. 40,000 ரூபாய்க்குள் வருவதில் இருப்பது பெரும்பாலும் வெறும் சுருள்வில். ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கி எழுந்து உங்கள் பலத்தைத் தின்றுவிடும், வண்டியும் கனக்கும். இதைவிட எனக்குப் பெரிய கவலை உப்பு. பின்பக்கச் சஸ்பென்ஷன் என்றாலே கூடுதலாகச் சில அச்சுகளும் பேரிங்குகளும் உண்டு. நம் கரையில் அவை ஒவ்வொன்றும் துரு நுழையும் வாசல். மழைக்காலம் முடிந்தபின் நண்பர் ஒருவரின் வண்டியைப் பிரித்தபோது, பெடல் அச்சின் பேரிங்கில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புச் சேறும் மணலும்தான் இருந்தன. சீட் குழாய் சட்டத்தோடு ஒட்டிப்போய், இரண்டு பேர் சேர்ந்து முறுக்கியும் அசையவில்லை.

ஆகவே முன்பக்கம் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் உள்ள, அலுமினியச் சட்டத்தாலான ஹார்ட்டெயில் வண்டியைப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 17 அல்லது 18 அங்குலச் சட்டம் பொருந்தும். தரையில் கால் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பணத்தை முதலில் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக்குக்குச் செலவழியுங்கள். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில், உறைக்குள் உப்பும் மணலும் புகுந்து இழுவை கனத்துவிடும். மலை இறக்கத்தில் ஒரு விரலால் பிடிக்க வேண்டிய பிரேக்கை நான்கு விரலாலும் இழுக்க நேரிடும். கியரில், முன்னே ஒரே பல்சக்கரமும் பின்னே 42 பல்லுக்குக் குறையாத பெரிய வட்டும் இருந்தால் போதும். சமதரைக்கு மலை கியர் எதற்கு என்று கேட்பவர்கள், ஆடி மாதக் கச்சான் காற்றை எதிர்த்துத் தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து ஒருமுறை மிதித்துத் திரும்பிப் பார்க்கட்டும்.

டயர்தான் இங்கே பாதி வண்டி. 2.25 அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் வாங்குங்கள். ரிம் டியூப்லெஸ் ஆக்கக்கூடியதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். கண்மாய்க்கரையிலும் பனங்காட்டிலும் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் சாதாரண டியூபை விட்டுவைப்பதில்லை. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் முள் குத்திய துளையைத் தானே அடைத்துவிடும்; ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். டயரின் காற்றழுத்தத்தைத் தார்ச்சாலையில் 30 பிஎஸ்ஐ வைத்தால், மணலில் 18 அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். டியூப் போட்ட டயரானால் 22-க்குக் கீழே போகாதீர்கள். காய்ந்த பொதிமணலில் எந்தச் சாதாரண டயரும் புதையும். கடல் வற்றியிருக்கும்போது அலை நனைத்து இறுகிய மணல் ஓட்ட நன்றாக இருக்கும்; உப்புநீர் வண்டிக்குள் ஏறுவதும் அங்கேதான்.

வீடு திரும்பியதும் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் என்பதில்தான் தவறு நடக்கிறது. நம் ஊர்களில் பல போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் துடைத்த கதைதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் இரண்டு செம்பும் ஒரு துணியும் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாய் பேரிங்குக்குள் உப்பைத் தள்ளிவிடும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம். செயினைத் துடைத்து உலரவைத்த பிறகே எண்ணெய் விடுங்கள். ஒரு துளி பிரேக் வட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காது. சீட் குழாயை மாதம் ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் செருகுங்கள்.

இனி ஓட்டும் முறை. மலைக்குப் போய்க் கற்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மணலே நல்ல வாத்தியார். மணலில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் முன்சக்கரம் உடனே உழுது நின்றுவிடும். எடையைச் சற்றுப் பின்னே வைத்து, லேசான கியரில் விடாமல் மிதித்து, கைகளைத் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் சற்று அலைய விடுபவர்தான் கடந்து போவார். கற்கள் நிறைந்த பாதையிலும் கைகளுக்கு இதே தளர்ச்சி வேண்டும்.

இறக்கத்துக்குக் கண்மாய்க்கரைச் சரிவு போதும். சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் மடங்க, இடுப்பைப் பின்னே தள்ளி இறங்குங்கள். முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதனுடையது. வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும், அதுவும் தடைக்கு முன்பே. கல்லின் மேல் ஏறும் கணத்தில் பிரேக் விடுபட்டிருந்தால்தான் சக்கரம் உருண்டு தாண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டியிருக்கும். புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மணலுக்காக இறக்கிய காற்றோடு கல்லில் மோதினால் ரிம் நெளியும் என்பதால், மலையடிவாரத்தில் 25-லிருந்து 28 பிஎஸ்ஐ வரை ஏற்றிக்கொண்டு, பாதையின் கடினமான பகுதியை முதலில் நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.