தவளை இனங்கள் மிகுந்த இடங்களை மட்டும் காப்பகமாக்கினால் போதாதா?

பிரேசிலின் செராடோ என்னும் சவன்னாவில் (மரங்கள் சிதறிய புல்வெளி நிலம்) தவளை இனங்கள் அதிகமுள்ள பகுதிகளை வரிசைப்படுத்தி, மேலே உள்ள சிலவற்றைக் காப்பகமாக்கினால் போதாதா, இடங்களைத் தேர்ந்தெடுக்கக் கணினிக் கணக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால், ஒரே இனங்களைத் திரும்பத் திரும்பக் காப்பதிலேயே நிலமும் பணமும் தீர்ந்துவிடும். மூன்று இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் 40 இனங்கள். இரண்டாவதில் 38, ஆனால் அவற்றுள் 36 முதலாவதிலும் இருப்பவை. மூன்றாவதில் 12 மட்டுமே, எனினும் அவற்றுள் 9 மற்ற இரண்டிலும் இல்லாதவை. இரண்டு இடங்களுக்கே வசதி என்றால், வரிசைப்படி முதல் இரண்டை எடுப்பவருக்கு 42 இனங்களும், முதலாவதையும் மூன்றாவதையும் எடுப்பவருக்குக் குறைந்தது 49 இனங்களும் கிடைக்கும். ஏற்கெனவே தேர்ந்தவற்றோடு ஓர் இடம் புதிதாக எதைச் சேர்க்கிறது என்பதே இங்கு அளவுகோல்.

செராடோவில் இந்த வேறுபாடு பெரிதாகவே தெரியும். பிரேசிலின் ஐந்தில் ஒரு பங்கை, ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டரை அடைத்திருக்கும் அந்நிலத்தில் 200-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி உலகில் வேறெங்கும் இல்லை. பரவலாக வாழும் இனங்கள் சமவெளிக் குட்டைகள் பலவற்றில் கிடைக்கும்; ஆனால் சப்பாடா டோஸ் வியாடெய்ரோஸ் போன்ற மேட்டுநிலங்களின் பாறை ஓடைகளை நம்பி வாழும் இனங்களுக்கு மாற்றிடம் கிடையாது.

கணினி வேண்டியிருப்பது, தேர்வுகளின் பெருக்கத்தால். நிலத்தை 200 கட்டங்களாகப் பிரித்தாலே, எடுப்பதும் விடுவதுமாக உருவாகும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 60 இலக்கங்களைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு தொகுப்பில் தொடங்கி, கட்டங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, ஆரம்பத்தில் சற்று மோசமான மாற்றத்தையும் அவ்வப்போது ஏற்று, போகப்போக அந்த இளக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். இதைப் பலமுறை ஓட்டினால், ஏறக்குறைய சமமான நல்ல விடைகள் பல கிடைக்கும். எல்லா விடைகளிலும் தவறாமல் வரும் கட்டத்தை விட்டுக்கொடுக்க முடியாது. சிலவற்றில் மட்டும் வருவதற்கு ஈடாக வேறொன்றைக் கேட்கலாம். நில உரிமையாளர்களோடும் அரசோடும் பேசுவதற்கு, ஒற்றை விடையைவிட இதுவே பயன்படும் என்பது என் கருத்து.

ஆனால் கணக்கின் நேர்த்தியைவிட அதற்குள் போகும் தரவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். செராடோவில் ஆண்டுக்கு ஐந்து மாதங்கள்போல் மழை இருக்காது. பல தவளைகள் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். சில இனங்கள் முதல் மழைகளின் ஓரிரு இரவுகளிலேயே கூடி முட்டையிட்டுக் கலைந்துவிடும். அந்த இரவுகளில் காதைத் தீட்டிக்கொண்டு ஆள் அங்கே இல்லையென்றால் பட்டியலில் அந்த இனம் இல்லை. பிரேசிலியா, கோயானியா போன்ற பல்கலைக்கழக நகரங்களுக்கு அருகே தேடல் அதிகம்; ஆகவே பட்டியலும் அங்கே நீளம். உருவில் சிறிய தவளைகள் பெரியவற்றைவிடத் தாமதமாகவே கண்டறியப்பட்டுப் பெயர் பெறுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் கட்டம் உண்மையில் வெறுமையா, தேடப்படாததா என்று பிரித்தறியாமல் கணினியை ஓட்டினால், நம் அறியாமையையும் சேர்த்தே அது வரைபடமாக்கித் தரும். தேடப்படாத கட்டங்களில் முதலில் மழைக்கால ஆய்வு நடத்த வேண்டும்; அதற்கும் அதே நிதியில் பங்கு ஒதுக்குவது நியாயம்.

அடுத்தது நிலத்தின் விலை. 1970-களிலிருந்து, அமிலத்தன்மை மிகுந்த மண்ணைச் சுண்ணாம்பிட்டுத் திருத்தி, சோயாவும் மேய்ச்சல் புல்லும் பரப்பியதில் செராடோவின் இயற்கைத் தாவரப் போர்வையில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. மக்கள் நெருக்கமும் பண்ணைகளும் குறைந்த கட்டங்களையே விரும்பும்படி கணக்கை அமைத்தால் செலவு குறையும், எதிர்ப்பும் குறையும். ஆனால் அழிவு மிகுந்த தெற்குப் பகுதித் தவளைகள் கைவிடப்படும். அங்கு மட்டுமே உள்ள இனங்களுக்கு, செலவு பாராமல், தனி முன்னுரிமை கொடுத்தாக வேண்டும்.

மேலும், இத்தகைய ஆய்வுகளில் ஒரு கட்டம் என்பது பெரும்பாலும் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் ஒவ்வொரு பாகை அளவு, அதாவது சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். செராடோவின் புகழ்பெற்ற எமாஸ் தேசியப் பூங்காவே அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். கட்டத்துக்குள் எந்த நிலம் என்பது தனித் தேர்வு. தலைப்பிரட்டைக்கு நீர் வேண்டும், வளர்ந்த தவளைக்குச் சுற்றியுள்ள புல்வெளி வேண்டும். பிரேசிலின் 2012 வனச் சட்டம் சிற்றோடைகளின் இரு கரையிலும் பொதுவாக 30 மீட்டர் பட்டையைக் காக்கச் சொல்கிறது. பெரும்பாலான செராடோ பண்ணைகள் 20 விழுக்காட்டு நிலத்தை இயற்கைத் தாவரத்துக்கு விட வேண்டும். அந்த 20 விழுக்காட்டை ஓடைப் பட்டையோடு ஒட்டிய திறந்த புல்வெளியாக அமைக்கச் செய்தால், காப்பகங்களுக்கு வெளியேயும் தவளைகள் முட்டையிடும் இடத்துக்கும் இரைதேடும் இடத்துக்கும் இடையே சோயா வயலைக் கடக்க வேண்டியிராது.